நன்றியுரை, கூட்டம் கலைந்தபின்

நம் ஊர் மேடைகளில் நன்றியுரை என்பது கூட்டம் எழுந்த பிறகு நடப்பது. சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பியிருக்கும். பந்தல்காரரின் பையன் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருப்பான். சனமெல்லாம் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் முண்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கையில் தாளை வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசித்துக்கொண்டிருப்பார். அவருடைய இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை என்பதில் ஒரு வசதி உண்டு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

எந்த அறக்கட்டளை, எந்தத் தேதி என்று தேட வேண்டாம். இது ஓர் அமைப்பின் விழா இல்லை. இப்படிப்பட்ட எல்லா விழாவும். பெரியகுளம் என்று வைத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த வெயில் அது என்பதால். போடி, சின்னமனூர், கம்பம் என்று இடம் மாறலாம். புற்றுநோய், சிறுநீரகம், காசநோய், இருதயம் என்று நோயும் மாறலாம். மாறாதது நிகழ்ச்சி நிரல்: காலை ஆறு மணிக்கு விழிப்புணர்வு நடை, அப்புறம் திறந்தவெளி மேடை, ஸ்டால்கள், இலவசப் பரிசோதனை, உண்டியல், பொன்னாடை, கேடயம், நன்றி.

முதல் நன்றி, கொடியசைத்து நடையைத் தொடங்கி வைத்தவருக்கு. ஆறு மணி நடைக்கு அவர் எட்டு மணிக்கு வந்தார். அதுவரை மூன்று பள்ளிகளின் பிள்ளைகள் வீதியில் வரிசையாக நின்றார்கள். வெறும் வயிறு. 'ஆரோக்கியமே செல்வம்' என்ற அட்டையைத் தலைக்கு மேல் பிடித்திருக்க வேண்டும், இறக்கினால் பி.டி. மாஸ்டர் முறைப்பார். இரண்டு பெண் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஆரோக்கிய விழாவில் அன்றைக்குப் புதிதாக உடம்புக்கு வந்தது அவர்களுக்கு மட்டும்தான் என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கொடியசைத்தவர் பத்து அடி நடந்தார். பதினோராவது அடியில் கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். அந்தப் பத்து அடியும் நாளை எல்லாச் செய்தித்தாளிலும் வரும்.

அடுத்த நன்றி ஃப்ளெக்ஸுக்கு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் செத்துப்போனார். உயர் நீதிமன்றம் கொதித்தது. கட்சிகள் இனி வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. அந்த அறிக்கைகளின் மை காய்ந்து பல மழைக்காலம் போய்விட்டது. உயிர் காக்கும் விழாவுக்கு உயிர் வாங்கும் பலகை கட்டுவதில் யாருக்கும் கூச்சமில்லை. பலகையில் இருந்த முகங்களை எண்ணிப் பார்க்கலாம்: புரவலர்கள், துணைப் புரவலர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். எந்த நோய்க்கு நிதி திரட்டுகிறோமோ அந்த நோய்க்காரர் ஒருவர்கூட இல்லை. அவருக்கும் ஒருநாள் ஃப்ளெக்ஸில் இடம் கிடைக்கும். அதன் தலைப்பு 'கண்ணீர் அஞ்சலி' என்றிருக்கும்.

நடை வடகரையில் புறப்பட்டுப் பாலம் ஏறித் தென்கரைக்குப் போனது. பாலத்துக்குக் கீழே வராக நதி. கரையில் ஆண் மருதும் பெண் மருதும் எதிரெதிரே நிற்கும் ஆறு, காசிக்கு நிகர் என்று பெரியவர்கள் முங்கி எழுந்த ஆறு. மேலே சோத்துப்பாறையில் கண்ணாடி மாதிரி தேங்கி நிற்கும் தண்ணீர், ஊருக்குள் வந்து சேரும்போது ஊர் தன் சாக்கடையை எல்லாம் அதற்குள் இறக்கிவிட்டிருக்கிறது. பாலத்தில் ஏறியதும் நடைக்காரர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையை உயர்த்தி, சுத்தம் சுகாதாரம் பற்றிய முழக்கத்தை எழுப்பினார்கள். மூக்கைப் பொத்தியபடி முழங்கினால் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். நகராட்சியின் பெயரை யாரும் முழக்கத்தில் சேர்க்கவில்லை. நகராட்சி அனுமதி கொடுத்திருக்கிறது, தண்ணீர் லாரியும் கொடுத்திருக்கிறது, எப்படிச் சேர்ப்பது?

ஸ்டால்காரர்களுக்கும் நன்றி. சர்க்கரைப் பரிசோதனை ஸ்டாலுக்குப் பக்கத்தில் ஜாங்கிரி ஸ்டால் போட்டது இடவசதிக்காக என்றார்கள். இருநூற்று எண்பது காட்டிய பெரியவர் ஒருவர், 'எல்லாம் மருந்தில் சரியாகும்' என்று அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார். அவர் கையில் ஒரு சீட்டில் எண்ணை எழுதிக்கொடுத்தார்கள். எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. சீட்டின் பின்பக்கம் தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றின் விளம்பரம் இருந்தது.

இனி முக்கியமான நன்றி, காசோலைக்கு. ஆறடிக்கு மூன்றடி. தெர்மாக்கோல் அட்டையில் ஒட்டிய காசோலை. ஏழு பேர் சேர்ந்து பிடித்தார்கள். தெர்மாக்கோலின் ஆற்றல் தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க அமைச்சரே நின்று தெர்மாக்கோல் மிதக்கவிட்டு, அது கொஞ்ச நேரத்தில் கரைக்குத் திரும்பி வந்து, ஊர் உலகமெல்லாம் சிரித்தது. அன்றைக்கு அது தண்ணீரை மூடப் பார்த்துத் தோற்றது. இன்றைக்கு அது மூட வேண்டியதை நன்றாகவே மூடுகிறது. ஏழு பேர் பிடித்த அட்டைக்குப் பின்னால் ஏழு பேரின் கணக்குப் புத்தகம் யாருக்குத் தெரியும்? 2014 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நல்ல லாபம் பார்க்கும் கம்பெனி அதில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. சட்டப்படி கொடுத்தாக வேண்டிய பணத்தை ஒருவர் கொடுக்கிறார்; அதை வள்ளல் தன்மை என்று மேடையில் மூன்று பேர் பேசுகிறார்கள். வீட்டு வரி கட்டியதற்கு நமக்கு யாராவது மாலை போட்டிருக்கிறார்களா?

இப்படிக் கொடுக்கும் மேடையில் ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. இந்த நோயெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் கேள்வி.

நிமிர்ந்து பார்த்தால் மலை தெரிகிறது. மேலே கொடைக்கானல். அங்கே 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த தெர்மாமீட்டர் ஆலை, பிற்பாடு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. உடம்புச் சூட்டை அளக்கும் கருவி செய்த ஆலை. 2001 மார்ச்சில் அதே ஊரின் மூஞ்சிக்கல் காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் காட்டிக்கொடுத்த பிறகு ஆலை மூடப்பட்டது. ஆலைக்குப் பின்புறச் சரிவு பாம்பாறு சோலை. அங்கே விழும் மழை இறங்கி வருவது நம் கும்பக்கரைக்கு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமே, அந்தக் கும்பக்கரைதான். வேலை செய்தவர்களின் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்றே கம்பெனி கடைசிவரை சொன்னது. 2015இல் சென்னைப் பெண் ஒருவர் இதை ராப் பாட்டாகப் பாடி உலகமெல்லாம் பரவிய பின், 2016இல் 591 முன்னாள் தொழிலாளிகளோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. பதினைந்து வருடம். அதற்குள் செத்துப்போனவர்களின் வாரிசுகள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மண்ணில் எவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற வழக்காடல் அதற்குப் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. எந்த விழிப்புணர்வு நடையாவது அந்த ஆலையின் வாசல்வரை போயிருந்தால் சொல்லுங்கள், அதில் முதல் வரிசையில் நடந்து நன்றி சொல்லத் தயாராக இருக்கிறேன்.

கீழே பள்ளத்தாக்கும் அப்படித்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பட்டாசு வெடித்தோம். பந்தலுக்குள் குனிந்து, தலைக்கு மேலே பூச்சிக்கொல்லி அடித்து, அந்தத் துளியைத் தன் முகத்திலேயே வாங்கிக்கொள்ளும் கூலியாளுக்கு வாயில் கட்ட இருப்பது தோளில் கிடக்கும் துண்டு. விடிவதற்கு முன் ஜீப்பில் புளிமூட்டையாக அடைந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள், மருந்தடித்த மறுநாள் தோட்டத்துக்குள் போனால் என்னென்ன செய்யும் என்று மருத்துவக் கல்லூரிப் பாடம் மாதிரிச் சொல்வார்கள். இவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் வாங்கிக்கொடுக்க யாரும் மேடை போடுவதில்லை. இவர்கள் நோயாளியாகும்வரை அறக்கட்டளை காத்திருக்கும். ஆன பிறகு பொன்னாடையோடு வரும்.

பொன்னாடையைச் சொன்னதும் வயிறு எரிகிறது. பயனாளிகள் என்று ஒரு வரிசை. மேடைக்குப் பக்கவாட்டில், பந்தல் நிழல் முடிகிற இடத்தில் அவர்களுக்கு நாற்காலி. காலை ஆறு மணிக்கே வேனில் ஏற்றிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முடி கொட்டிய தலையில் முக்காடு போட்ட அம்மா ஒருவர். டயாலிசிஸ் கையை மடியில் மறைத்து வைத்திருக்கும் இளைஞர். மதியம் ஒரு மணிக்கு அவர்கள் முறை வந்தது. ஒவ்வொருவராக மேடையேற்றி, 'இந்தச் சகோதரிக்கு இன்ன இடத்தில் புற்றுநோய்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த அம்மாவுக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். ஊர் முழுக்கக் குழாய் கட்டியிருந்தது. கையில் கொடுத்தது ஐந்து கிலோ அரிசியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும். பையின் ஒரு காதை அவர் பிடிக்க, மறு காதை ஒன்பது பேர் பிடித்தார்கள். போட்டோகிராபர், 'அம்மா, கொஞ்சம் சிரிங்க' என்றார். அந்த அம்மா சிரிக்க முயன்றார். ட்ரோன் மேலே சுற்றியது.

தனியார் அறக்கட்டளை மட்டும் இதைச் செய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம், அரசாங்கமே முறை கற்றுக்கொடுத்திருக்கிறது. காசநோய்க்காரரின் சத்துணவுக்கு என்று 2018இலிருந்து மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம்; கடையில் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வாங்கிப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று. மீதியை ஈடுகட்ட 2022 செப்டம்பரில் நிக்‌ஷய் மித்ரா என்று ஒன்று வந்தது. விருப்பப்பட்ட பெரிய மனிதர்கள் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுக் கூடை கொடுக்கலாம். கூடை கொடுக்கும் படங்கள் நாடு முழுக்கக் குவிந்தன. நோயை வெளியே சொன்னால் வாடகை வீடு போய்விடும், வேலை போய்விடும் என்று பயந்து, பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கும் சனத்தின் நோய் அது. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று கெடு வைத்தார்கள். கெடு போய்விட்டது, காசநோய் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மதுரைக்குக் கரண்ட் வைக்கப் போகிறவர்களின் பஸ் கணக்கை யாராவது பார்த்ததுண்டா? கதிர் சிகிச்சையை நம் சனம் அப்படித்தான் சொல்லும். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், சில பேருக்கு ஆறு வாரம். கரண்ட் வைப்பது சில நிமிஷம். போக சுமார் எண்பது கிலோமீட்டர், வர எண்பது கிலோமீட்டர். தொண்டையில் கரண்ட் வைத்த மனிதர் எச்சில் விழுங்க முடியாமல் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். சிகிச்சை இலவசம், உண்மை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு, அதுவும் உண்மை, அதனால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். ஆனால் பெண்களுக்கான இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. ரயில் என்று பார்த்தால், அகலப்பாதைக்காக மூடிய மதுரை–போடி தடம் பதினோரு வருடத்துக்கு மேல் கிடந்து 2022இல்தான் தேனிவரை வந்தது, பெரியகுளம் அந்தத் தடத்திலேயே இல்லை. கூடத் துணைக்குப் போகும் மகனின் கூலி ஐந்து வாரம் போச்சு. சாப்பாடு, டீ, ஆட்டோ. மூன்றாவது வாரம் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 'வைத்தியம் பார்த்தும் பலனில்லாமல் போச்சு' என்று ஊர் சொல்கிறது. வைத்தியம் எங்கே பார்த்து முடித்தார்கள்?

ஒரு வேனும் ஓட்டுநரும் டீசலும் இருந்தால் இதில் பாதி தீரும். அதே வேன் அறக்கட்டளையிடம் இருக்கிறது. விழாவுக்குப் பயனாளிகளை ஏற்றி வந்ததே, அந்த வேன்தான். இதைக் கேட்டால், 'பட்ஜெட் இல்லைங்க, மக்கள் ஆதரவு தரணும்' என்கிறார்கள். மக்கள் ஆதரவைக் கொண்டுபோய்ப் பந்தலில் கட்டியாகிவிட்டது.

அரசாங்கம் செய்ய வேண்டியதை ஏன் இவர்களிடம் கேட்கிறாய் என்றால், நியாயம். 2017இல் எழுதிய தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை மக்கள் நல்வாழ்வுக்கு அரசு செலவழிக்கும் என்றது. இரண்டு சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைக் காட்டிக் கேள்வி கேட்க வேண்டிய ஆள், கொடியசைக்க வருகிறார். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளுக்குப் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் ஒரே அளவு சந்தன மாலை.

கொடுக்கிற மனசை நான் குறைசொல்லவில்லை. 1904இல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்ற தபால் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதத்தில் தபால்தலையோடு இன்னொரு சின்ன வில்லை ஒட்டச் சொன்னார். காசு கால்காசுதான். முதல் வருடமே 40 லட்சத்துக்கு மேல் விற்று, அந்தப் பணத்தில் கோல்டிங் என்ற ஊரில் குழந்தைகளுக்குக் காசநோய் மருத்துவமனை எழுந்தது. அந்த வில்லைதான் 1950இலிருந்து காசநோய் வில்லையாக நம் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. ஒட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது, வாங்கியவன் முகம் யாருக்கும் தெரியாது. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் இலங்கை. 2011 ஜூலையில் தேவேந்திர முனையிலிருந்து பருத்தித்துறைக்கு, நிதி திரட்ட, 27 நாள், 670 கிலோமீட்டர் நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடம் ஆன நாடு. கிரிக்கெட்காரர்களும் நடந்தார்கள், படமும் எடுத்தார்கள், சட்டையும் போட்டிருந்தார்கள். ஆனால் நடையின் முடிவில் வடக்கே தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று நிற்கிறது. சுவரைத் தட்டிப் பார்க்கலாம், தெர்மாக்கோல் இல்லை.

கடைசி நன்றி உண்டியலுக்கு. அன்றைக்கு அதில் நிஜமாகவே பணம் போட்டவர்கள் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாங்காய்க் கமிஷன் மண்டியில் சுமை தூக்குகிறவர், பூக்காரம்மா, பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்கள். பத்து, இருபது. இவர்கள் யாருக்கும் 80ஜி ரசீது வேண்டாம். ரசீது வேண்டியவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை என்று விவரமாகத் தெரிந்து, ஆறடி அட்டையில் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு காதுகுத்து என்றாலும் வாசலில் மேஜை போட்டு, நோட்டு வைத்து, எழுத ஒருவர், வாங்கிப் போட ஒருவர், மைக்கில் படிக்க ஒருவர் என்று உட்காருவோம். 'ஜெயமங்கலம் சின்ன மாமன் செய்முறை ஐந்நூத்தி ஒண்ணு' என்று ஊர் கேட்கப் படிப்பார்கள். ராத்திரி கூட்டிப் பார்த்து நூறு ரூபாய் இடித்தால் வீட்டில் ஒருத்தரும் தூங்க மாட்டார்கள். இருபது வருடம் கழித்துப் பேரன் அந்த நோட்டைப் புரட்டி, யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்ப்பான். எழுதப்படிக்கத் தெரியாத கிழவிகூட மனசுக்குள் அந்தக் கணக்கை வைத்திருப்பாள். இவ்வளவு கறாரான சனத்திடம் தகர டப்பாவை நீட்டிப் பணம் வாங்கிவிட்டு, 'தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார்' என்கிறீர்கள்.

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டப் போனார், நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு வாருங்கள். வரவைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், செலவிலிருந்து ஆரம்பியுங்கள். பந்தல் எவ்வளவு, ஃப்ளெக்ஸ் எவ்வளவு, டி-ஷர்ட் எவ்வளவு, கேடயம் எத்தனை, ட்ரோனுக்கு வாடகை என்ன, அந்த அம்மாவின் அரிசிப் பைக்கு என்ன விலை. ஒவ்வொன்றாக, தொகையோடு, சத்தமாக. குழாய் ஊர் முழுக்கக் கட்டித்தானே இருக்கிறது.